டிடெக்டிவுக்கு உரிமமே இல்லாத நாட்டில் விசாரணையை யாரிடம் கொடுப்பது?

பெண்ணுக்கு வரன் பார்க்கும் பெற்றோர், பார்ட்னர் மேல் சந்தேகம் வந்த சிறு முதலாளி, விவாகரத்து வழக்கில் சாட்சியம் தேடும் கணவன் அல்லது மனைவி, வீட்டைவிட்டுப் போன பிள்ளையைத் தேடும் குடும்பம். தனியார் டிடெக்டிவ் ஏஜென்சிக்குப் போன் போடுகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். பலரும் முதலில் கேட்பது, "உங்களுக்கு கவர்ன்மென்ட் லைசென்ஸ் இருக்கா?" என்றுதான். எதிர்முனையில் "இருக்கு சார்" என்று பதில் வந்தால் அந்த ஏஜென்சியை அத்தோடு விட்டுவிடலாம். இந்தியாவில் துப்பறியும் தொழிலுக்கென்று அப்படியொரு உரிமமே கிடையாது.

கொண்டுவரும் முயற்சி நடக்காமல் இல்லை. 2007 ஆகஸ்டில் தனியார் துப்பறியும் நிறுவனங்கள் ஒழுங்குமுறை மசோதா மாநிலங்களவையில் அறிமுகமானது. ஏஜென்சி நடத்துகிறவர் உரிமம் வாங்க வேண்டும், அதைக் கொடுக்கவும் பறிக்கவும் மத்தியிலும் மாநிலங்களிலும் வாரியங்கள் இருக்கும் என்பது ஏற்பாடு. உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2009ல் அறிக்கையும் கொடுத்தது. அதற்கு மேல் நகராமல், சட்டமாகாமலே போய்விட்டது. அதனால் இன்றைக்கு யார் வேண்டுமானாலும் விசிட்டிங் கார்டு அடித்து அதில் டிடெக்டிவ் என்று போட்டுக்கொள்ளலாம். அனுபவம், தேர்வு, போலீஸ் சரிபார்ப்பு எதுவும் கட்டாயமில்லை.

அப்படியானால் ஆபீஸ் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழ்கள் என்ன? ஜிஎஸ்டி பதிவு என்றால் வரி கட்டுகிறார் என்று பொருள். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு, ஆதாரை வைத்து ஆன்லைனில் இலவசமாக, தானே விவரம் சொல்லி எடுப்பது. ஐஎஸ்ஓ 9001 சான்றைத் தனியார் நிறுவனங்கள் தருகின்றன. அது அலுவலக நடைமுறையைப் பற்றியது, ஆள் யோக்கியரா என்பதைப் பற்றியது அல்ல. பிரைவேட் லிமிடெட் பதிவு, அப்படியொரு கம்பெனி இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். இவற்றில் எதையும் குறை சொல்லவில்லை. முகவரியும் பெயரும் உள்ள ஒருவரிடம் பேசுகிறோம் என்று தெரிவது நல்லதுதான். ஆனால் எதுவும் விசாரணை செய்ய அரசு கொடுத்த அனுமதி ஆகாது.

அதிகம் பேர் ஏமாறுவது இன்னொரு காகிதத்தில். நம் ஊர்களில் 'செக்யூரிட்டி அண்ட் டிடெக்டிவ் சர்வீஸ்' என்று சேர்த்தே போர்டு வைத்திருப்பார்கள். அவர்களிடம் உண்மையாகவே ஓர் அரசு உரிமம் இருக்கும்: 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி வாங்கியது. 5 ஆண்டுக்குச் செல்லும். சட்டம் வைத்த கட்டணம் ஒரு மாவட்டத்துக்கு 5,000 ரூபாய், 5 மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுவதற்கும் 25,000. அந்தச் சட்டம் பேசுவது ஆளையும் சொத்தையும் காவல் காக்கும் வாட்ச்மேன் வேலையைப் பற்றி. பயிற்சியும் காவலாளிக்கு உரியதுதான். ஒருவரைப் பற்றி ரகசியமாக விசாரிப்பது அதன் எல்லைக்குள்ளேயே வராது. எண் சரியாக இருக்கும், முத்திரை சரியாக இருக்கும், ஆனால் நீங்கள் கொடுக்கப்போகும் வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வெளிநாட்டில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் நாம் எதை இழந்திருக்கிறோம் என்பது புரியும். கலிஃபோர்னியாவில் துப்பறிவாளர் உரிமம் வேண்டுமானால் சம்பளத்துக்கு 6,000 மணி நேரம், அதாவது சுமார் 3 ஆண்டு, விசாரணை வேலை செய்திருக்க வேண்டும். சட்டப் பட்டமோ காவல் அறிவியலில் 4 ஆண்டுப் பட்டமோ இருந்தால் 4,000 மணி நேரம் போதும். அப்புறம் தேர்வு, கைரேகைச் சோதனை. உரிமம் செல்லுபடியாகிறதா என்பதை யாரும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். நம்மவர்கள் அதிகம் இருக்கும் டொரான்டோவை எடுத்துக்கொண்டால், ஒன்டாரியோ மாகாணத்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி 50 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம். வேலையில் இருக்கும்போது உரிம அட்டை கையில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் காவல்துறையின் உரிமப் பிரிவே ஏஜென்சிக்கும் தனி ஆளுக்கும் உரிமம் தருகிறது. பிரிட்டன் மட்டும் நம்மைப் போல. 2001ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே துப்பறியும் தொழிலுக்கு இடம் வைத்தார்கள். செய்தித்தாள்களின் போன் ஒட்டுக்கேட்பு ஊழல் வெடித்த பிறகு, 2013ல் அன்றைய உள்துறை அமைச்சர் தெரசா மே உரிமம் கொண்டுவரப்போவதாக அறிவித்தார். அது நடைமுறைக்கு வரவில்லை.

உரிமம் இருந்தால் எல்லாரும் யோக்கியர் ஆகிவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் தப்பு செய்தால் பிழைப்பே போய்விடும் என்ற பயம் அங்கே இருக்கிறது, உரிமத்தைப் பறிக்கச் சொல்லிப் புகார் கொடுக்க ஓர் இடமும் இருக்கிறது. இங்கே அந்த இரண்டும் இல்லை. அதன் விளைவு, டிடெக்டிவ் எந்த வழியில் தகவல் எடுத்தார் என்ற கேள்வி கடைசியில் உங்கள் வாசலுக்கே வருகிறது. 2013ல் டெல்லியில், அன்றைய மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவர் அருண் ஜேட்லியின் போன் அழைப்பு விவரங்களை எடுத்த வழக்கில் தனியார் டிடெக்டிவ்களோடு போலீஸ் தரப்பிலும் கைது நடந்தது. 2018ல் மகாராஷ்டிரத்தில் தாணே போலீஸ் இதேபோல் கால் டீடெய்ல்ஸ் வாங்கி விற்ற வலையைப் பிடித்தது. அதில் டிடெக்டிவ்களோடு நிற்காமல், விவரம் கேட்டு வாங்கியதாகச் சொல்லப்பட்டவர்களும் விசாரணைக்கு இழுக்கப்பட்டார்கள். இப்போது தண்டனை இன்னும் கடுமை. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 42ஆம் பிரிவுப்படி, அனுமதியில்லாமல் போன் கம்பெனியின் தரவை எடுத்தாலோ ஒட்டுக்கேட்டாலோ 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "எடுத்துக் கொடுங்கள்" என்று பணம் கொடுத்தவர் அந்தக் குற்றத்தைத் தூண்டியவர் ஆகிறார்.

ஆகவே எந்த ஏஜென்சி நல்லது என்று தேடுவதற்கு முன்னால், இந்த வேலைக்கு டிடெக்டிவ்தான் வேண்டுமா என்று பார்ப்பதே சரி. அது தேவையைப் பொறுத்து மாறும்.

காணாமல் போனவரைத் தேடுவதில் எனக்குத் துளியும் தயக்கமில்லை: முதலில் போலீஸ். குழந்தை என்றால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. பெரியவர் என்றாலும் புகார் கொடுத்து, குறைந்தபட்சம், புகாரைப் பெற்றதற்கு ஸ்டேஷன் தரும் சிஎஸ்ஆர் ரசீதாவது கையில் வாங்காமல் ஸ்டேஷனைவிட்டு வராதீர்கள். செல்போன் டவர் இருப்பிடம், வங்கிப் பரிவர்த்தனை இவற்றை ஏஜென்சியால் சட்டப்படி கேட்டு வாங்க முடியாது, போலீசால் முடியும். போலீஸ் அசையவில்லை, யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நம்பக் காரணமும் இருக்கிறது என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். சென்னையிலும் மதுரைக் கிளையிலும் இது நாள்தோறும் நடக்கிற விஷயம். நீதிமன்றம் ஆளை ஆஜர்படுத்தச் சொன்னால் போலீஸின் வேகமே வேறாகிவிடும். முதல் சில நாளை ஏஜென்சி பின்னால் அலைந்து வீணாக்குவது பெரிய இழப்பு. போலீஸ் தேடல் ஓய்ந்து பல மாதம் ஆன பின், ஊர் ஊராகப் போய் விசாரிக்க ஆள் வேண்டும் என்றால் அப்போது டிடெக்டிவைப் பற்றி யோசிக்கலாம்.

கல்யாண விசாரணை இதற்கு நேர் எதிர். இங்கே போலீசுக்கு வேலையில்லை. வீட்டில் உட்கார்ந்தே பாதி தெரிந்துகொள்ளலாம், மீதிப் பாதிக்கு நல்ல டிடெக்டிவ் உண்மையிலேயே உதவுவார். நீதிமன்ற வழக்குகளுக்கான அரசின் இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, பெயரையும் ஆண்டையும் போட்டு வழக்கு தேடலாம். நம் பெயர்களில் இது கொஞ்சம் பொறுமை கேட்கும். செந்தில்குமார் என்பது சேர்த்தும் பிரித்தும் இருக்கும், கடைசி எழுத்துகள் மாறும், இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், அப்பா பெயர் முழுதாக வரும். நாலைந்து விதமாகப் போட்டுப் பார்க்காமல் வழக்கே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சொந்தக் கம்பெனி என்று சொன்னால் கம்பெனி விவகாரத் துறையின் தளத்தில் அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கலாம். வீடு, நிலம் என்றால் சர்வே எண் கேட்டு வாங்கி, பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். சர்வே எண் கேட்க நம்மில் பலருக்குக் கூச்சம். நகை எத்தனை பவுன் என்று எதிர்த்தரப்பு கூச்சப்படாமல் கேட்கும்போது, நாம் இதைக் கேட்பதில் என்ன தவறு? பட்டச் சான்றிதழை, மாப்பிள்ளையின் சம்மதத்தோடு, பல்கலைக்கழகத்துக்கே எழுதிச் சரிபார்க்கலாம். தமிழ்நாடு காவல்துறையின் ஆன்லைன் சரிபார்ப்புச் சேவையில் ஒருவர் தன்னைப் பற்றித் தானே விண்ணப்பித்துச் சான்று வாங்கவும் வழியிருக்கிறது. இரு வீட்டாரும் ஒரே நேரத்தில் வாங்கிக் கொடுத்துக்கொண்டால் யாருக்கும் மனக்கசப்பு வராது.

இதில் அகப்படாதவை சில: யாரோடு சேர்ந்து வாழ்கிறார், குடி எந்த அளவுக்கு, வேலைக்கு உண்மையிலேயே போகிறாரா, ஊரில் கடன் எவ்வளவு. அக்கம்பக்கத்தில் பேசுவதிலும் பொது இடத்தில் நின்று கவனிப்பதிலும் பொதுவாகச் சட்டத் தடை இல்லை, அனுபவசாலி அதைச் சுத்தமாகச் செய்து தருவார். கல்யாணத்துக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கும் குடும்பம் இதற்குக் கொஞ்சம் ஒதுக்குவது தப்பே இல்லை என்பேன்.

மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் கணக்கு மாறும். "எங்களுக்கு உலகம் முழுக்க நெட்வொர்க் உண்டு" என்று சென்னை ஏஜென்சி சொல்லும். நடப்பது என்னவென்றால், அந்த ஊரில் ஒருவருக்குத் துணை ஒப்பந்தம் போகும். டொரான்டோ, சிங்கப்பூர், கலிஃபோர்னியா என்றால் அந்த ஆளின் பெயரையும் உரிம எண்ணையும் முதலிலேயே கேளுங்கள். சொல்லத் தயங்கினால் நீங்களே அங்குள்ள உரிமம் பெற்றவரை நேரடியாக அமர்த்துவது மேல். மணிக்கணக்கில் கட்டணம் போடுவார்கள், நம் பணத்தில் கனமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பணத்துக்குப் பின்னால் உரிமத்தைப் பறிக்கக்கூடிய ஓர் அரசு அலுவலகம் நிற்கிறது. ஏற்கனவே விவாகரத்து ஆனவரா என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அதற்கும் முன்னால் அந்த ஊர் நீதிமன்றப் பதிவைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு கவுண்டியிலும் (மாவட்டத்திலும்) உள்ள சுப்பீரியர் கோர்ட்டின் வழக்குப் பட்டியல் பொதுவாக யாரும் பார்க்கக்கூடியது. லண்டன் என்றால் உரிம எண் கேட்டுப் பயனில்லை. அங்கே தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறாமல் எப்படி வேலை செய்வார் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

விவாகரத்து வழக்குதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, பணம் அதிகம் வீணாவதும் இதில்தான். கோபத்திலும் வேதனையிலும் இருக்கும் ஒருவரிடம், "போன்ல ஒரு சின்ன ஆப் போட்டுட்டா போதும், எல்லாம் வந்துடும்" என்று யாராவது சொன்னால் நம்பத் தோன்றும். பெண்ணின் மின்னஞ்சலையோ இணையப் பயன்பாட்டையோ ஓர் ஆண் கண்காணிப்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் பின்தொடர்தல் குற்றம். முதல் தடவைக்கே 3 ஆண்டு வரை சிறை. அந்தப் பிரிவில் ஒரு விலக்கு உண்டு: குற்றத்தைத் தடுக்கவோ கண்டுபிடிக்கவோ அரசு பொறுப்பு கொடுத்த ஆளாக இருந்தால். உரிமமே இல்லாத டிடெக்டிவுக்கு அரசு என்ன பொறுப்பு கொடுத்திருக்கிறது? அந்த விலக்கில் அவர் நிற்க முடியாது. கணவன் போனில் மனைவி ஆப் போட்டாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இருக்கிறது. அடுத்தவர் கருவிக்குள் அனுமதியில்லாமல் நுழைவது யார் செய்தாலும் குற்றம்.

இப்படி எடுத்தது வழக்கில் நிற்குமா? இங்கே இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 2024 அக்டோபர் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனைவியின் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்துவந்த கணவரின் ஆவணத்தை ஏற்கவில்லை. வாழ்க்கைத்துணையின் அந்தரங்கத்தை மீறி எடுத்த சாட்சியம் செல்லாது என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கணவன் மனைவிக்குள் நடந்த போன் பேச்சை ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பதிவு செய்திருந்தாலும் திருமண வழக்கில் அதைச் சாட்சியமாக எடுக்கலாம் என்றது. இரண்டாவதைக் காட்டி "இனி எல்லாம் செல்லும்" என்று ஏஜென்சிகள் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தெரியவில்லை. உச்ச நீதிமன்றத்தின் முன் இருந்தது, தானும் பங்கெடுத்த பேச்சைத் தானே பதிவு செய்த விவகாரம். போன் கம்பெனியிலிருந்து திருட்டுத்தனமாக எடுத்த பட்டியலும், மூன்றாம் மனிதர் வைத்த உளவு ஆப்பும் வேறு ரகம். சாட்சியமாக ஏற்றாலும்கூட, எடுத்த விதத்துக்கான கிரிமினல் வழக்கு தனியாக வரும்.

ஆகவே விவாகரத்தில் முதலில் வக்கீல். எதை நிரூபிக்க வேண்டும், எது ஏற்கனவே கையில் இருக்கிறது என்று அவர் சொல்லட்டும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, ஹோட்டல் பதிவு போன்றவற்றை வரவழைக்க நீதிமன்றத்திலேயே மனு போடலாம். ஜீவனாம்ச வழக்கில் வருமானத்தை மறைக்கிறார் என்றால், அவர் தினமும் எந்தக் கடையைத் திறக்கிறார், எந்த ஆபீசுக்குப் போகிறார் என்று பொது இடத்திலிருந்து பார்த்துச் சொல்ல ஒரு டிடெக்டிவ் போதும். அந்த வேலையை வக்கீல் மூலமாகவே கொடுங்கள். எல்லை தாண்டாமல் இருக்க ஒரு ஆள் நடுவில் இருப்பார்.

வியாபாரத்தைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. உங்கள் பிராண்டில் போலிச் சரக்கு விற்கிறார்கள் என்றால் டிடெக்டிவ்தான் சரியான ஆள்: கடைக்குப் போய் மாதிரி வாங்கி, பில் எடுத்து, பிரமாணப் பத்திரம் கொடுப்பார். அதை வைத்து, நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமிக்கும் வக்கீலான அட்வகேட் கமிஷனரைக் கேட்கலாம். கல்லாவில் பணம் குறைகிறது என்றால் ஆடிட்டரைக் கூப்பிடுங்கள்.

சரி, இவ்வளவுக்கும் பிறகு ஏஜென்சிதான் என்று முடிவானால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? நான் முதலில் கேட்பது, பெயர்களை மறைத்த ஒரு பழைய ரிப்போர்ட். தெரிந்தவர் ஒருவர் என்னிடம் காட்டிய ரிப்போர்ட்டில் பாதிப் பக்கம் ஃபேஸ்புக் படங்கள், மீதி "நம்பத்தகுந்த வட்டாரங்களில் விசாரித்ததில் தெரியவருவது யாதெனில்" என்று போனது. யார் பார்த்தார், எங்கே, எப்போது, எதுவும் இல்லை. கோர்ட்டுக்கும் ஆகாது, மனசுக்கும் ஆகாது. உருப்படியான ரிப்போர்ட் இப்படி இருக்கும்: காலை 9.10, இன்ன தெரு, இன்ன பேருந்து நிறுத்தம், வெள்ளைச் சட்டையில் இன்னார் இறங்கினார், படம் 4, 9.25, இன்ன கட்டடத்துக்குள் போனார், 1.40 வரை வெளியே வரவில்லை, கவனித்தவர் இன்னார். பார்த்தது தனியாக, பிறர் சொல்லக் கேட்டது தனியாக. ஒன்றும் கிடைக்காத நாளில் கிடைக்கவில்லை என்றே எழுதியிருக்கும். அந்தக் கவனித்தவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வருவாரா என்பதையும் கேளுங்கள். வராவிட்டால் வழக்குக்கு அந்த ரிப்போர்ட் வெறும் காகிதம். படமும் வீடியோவும் தருவதானால், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு மின்னணு ஆவணங்களுக்குக் கேட்கும் சான்றிதழையும் சேர்த்துத் தர வேண்டும்.

அப்புறம் ஒப்பந்தம். என்ன விசாரிக்க வேண்டும், எத்தனை நாள், எவ்வளவு கட்டணம், பயணச் செலவு அதில் அடக்கமா, முன்பணம் போக மீதி எப்போது. இவற்றோடு ஒரு வரியைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்: அழைப்பு விவரம், வங்கி விவரம், போன் உளவு, போலீஸ் அல்லது அதிகாரி போல் நடிப்பது ஆகியவற்றை இந்த வேலைக்காகச் செய்ய மாட்டோம். நேர்மையாகத் தொழில் செய்கிறவர் யோசிக்காமல் கையெழுத்துப் போடுவார். "அதெல்லாம் எழுத வேண்டாம் சார், நாங்க பார்த்துக்கிறோம்" என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். எடுத்த படங்களும் தகவல்களும் வேலை முடிந்த பின் அழிக்கப்படும் என்பதையும் சேருங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, படிப்படியாக அமலாகின்றன. தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். ஏஜென்சிக்கு அது தெரியுமா என்று கேட்டாலே ஆளின் தரம் புரிந்துவிடும்.

பணத்தை வாங்கிக்கொண்டு வேலை செய்யவில்லை என்றால் போவதற்கு ஓர் இடம் இருக்கிறது, நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீதும் ஒப்பந்தமும் வேண்டும் என்பதால் முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். இன்னொன்றும் உண்டு: ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி சட்டவிரோதமான காரியத்துக்குச் செய்த ஒப்பந்தம் செல்லாது. கால் டீடெய்ல்ஸ் எடுத்துத் தரச் சொல்லி 80,000 ரூபாய் கொடுத்து அவர் போனை எடுக்காமல் போய்விட்டால், அந்தப் பணத்தைக் கேட்டு எந்த ஆணையத்தின் முன்னும் நிற்பது கடினம். நின்றால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.